நிழல் அளந்த வருஷம்

என் அக்கா புருஷனுக்கு அவரைப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. வேலைத்தளத்தில் யாருக்கும் அது தெரியாது. அங்கே அவர் பேர் 'இன்னொருதரம்'. மண் தோண்டுகிறவர், டைல்ஸ் ஒட்டுகிறவர், மணல் லாரி ஓட்டுகிறவர் எல்லாருக்கும் அதே பேர்தான். டேப்பைப் பிடித்து அளப்பார், நோட்டில் எழுதுவார், எழுதியதை முறைத்துப் பார்ப்பார். பிறகு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் வேகிற ஆளைப் பார்த்து, "இன்னொரு தரம்" என்பார். அந்த ஆள் மனசுக்குள் என்ன சொல்லுவான் என்பதை இங்கே எழுத முடியாது.

அந்த ஆள் பெரும்பாலும் நான்தான். நான் பைப்பும் பம்ப்பும் பார்க்கிறவன். மாமா வீடுகளின் பின்முற்றத்துக்குப் பிளான் போடுகிறவர். குளம் எந்த இடத்தில், எவ்வளவு ஆழம், நடக்கிற வழி எந்தப் பக்கம், உட்கார எங்கே, எந்த மரத்தை வைக்கலாம், எதை வெட்டணும் என்று ஒரு பெரிய தாளில் பென்சிலால் போட்டுக் கொடுப்பார். பதினாறு வருஷம் சேர்ந்து வேலை செய்தோம். அந்தப் பதினாறு வருஷமும் எங்கள் சண்டை ஒரே விஷயத்தைப் பற்றித்தான். நான் அவசரக்காரன். அவர் அவசரம் என்றால் என்னவென்று தெரியாதவர்.

அக்கா ஒரு மருந்துக்கடையில் நின்றபடி மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். தலைவலி மாத்திரை வாங்கப் போன இந்த மனுஷன், மாத்திரையை வாங்கிக்கொண்டு நகராமல், "இந்த மேஜை ரெண்டு விரல் உயரம் ஜாஸ்தி. உங்களுக்குச் சாயங்காலம் தோள் வலிக்குமே?" என்று கேட்டிருக்கிறார். வலித்தது. அப்படித்தான் எங்கள் குடும்பத்துக்குள் வந்தார். "மேஜையை அளக்க வந்தவர் என்னையும் சேர்த்து அளந்துட்டார்" என்று அக்கா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளை குட்டி இல்லை. அவர்களுக்கு அவர்கள்தான்.

குளம் வேண்டும் என்று வருகிற எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "வருஷம் பூரா யூஸ் ஆகணும் சார்." வருகிறது என்னவோ வெயில் காலத்தில் மட்டும். குளிரில் எவனுக்குக் குளம் ஞாபகம் வரும்? முதுகில் வேர்வை ஓடும்போது வருவார்கள், வெயில் முடிவதற்குள் குளித்துவிட வேண்டும் என்பார்கள். மாமாவுக்குப் பத்து நாள் கிடைத்தால் அதிகம். அந்தப் பத்து நாளில் அவர் பார்ப்பது வெயில் காலத்து முற்றத்தை. குளிர்காலத்தில் சூரியன் சாய்ந்துதான் போகும், நிழல் நீளும், காற்று வேறு மூலையிலிருந்து வரும், எந்த மரம் எப்போது இலையைக் கொட்டும் என்று யாருக்குத் தெரியும்? கணக்குப் போட்டுச் சொல்லலாம். மாமா போட்டார். பல வீட்டில் சரியாக வந்தது.

ஒரு பல்டாக்டர் வீட்டில் வரவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் தண்ணீர் டாங்க்குக்காக எழுப்பியிருந்த சுவரை மாமா கணக்கில் சேர்க்கத் தவறிவிட்டார். குளிர் வந்ததும் அதன் நிழல் காலை முதல் மாலை வரை குளத்தின் மேலேயே படுத்துக்கொண்டது. ஹீட்டர் போட்டும் தண்ணீர் சூடேறவில்லை. அந்த வீட்டார் நாலு மாதம் குளித்தார்கள், பிறகு கால் வைக்கவில்லை. தண்ணீர் பச்சையாகிக் கொசு பெருகி, கடைசியில் மண் கொட்டி மூடி அதன் மேல் காரை நிறுத்தினார்கள். அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால் மாமா சுற்றிக்கொண்டு வேறு தெருவில் போவார். "ஒரு வருஷம் என்னைப் பாக்க விட்டிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது மாப்ள" என்று நூறு தடவையாவது என்னிடம் சொல்லியிருப்பார். ஒரு குளத்துக்கு ஒரு வருஷம் காத்திருக்கிற பைத்தியக்காரன் எவனும் அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்த ஒரு வருஷம் கிடைத்தது அக்காவுக்கு நோவு வந்தபோதுதான்.

முதலில் விரல் வீங்கியது. பிறகு முட்டி, பிறகு இடுப்பு. மருந்துக்கடையில் வேலை செய்கிறவளுக்குச் சீட்டில் எழுதியிருக்கிற மருந்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. டாக்டர் அறையில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மூட்டு மாற்றுகிற ஆபரேஷன் இவள் இதயம் தாங்காது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"தண்ணிக்குள்ள உடம்பு பாரம் தெரியாது. மார்பளவு தண்ணி, வெதுவெதுன்னு இருக்கணும். தினமும் அரைமணி நேரம் நடக்கணும், முட்டியை மடக்கி நீட்டணும். சீக்கிரம் ஆரம்பிச்சிடுங்க. வெயிலோ குளிரோ, ஒரு நாள் விடக்கூடாது. மூட்டு ஒரு தடவை இறுகிப்போச்சுன்னா திரும்பாது."

என் காதில் நின்றது 'சீக்கிரம்'. மாமா காதில் நின்றது 'ஒரு நாள் விடக்கூடாது'. இரண்டுமே டாக்டர் சொன்னதுதான்.

ஊருக்குப் பொதுவாக ஒரு நீச்சல்குளம் இருந்தது. அதில் இறங்க இரும்பு ஏணி மட்டும்தான். தண்ணீர் சில்லென்று இருக்கும். குளிர் தொடங்கினால் நாலு மாதம் பூட்டிவிடுவார்கள். அது ஆகாது என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அன்று மத்தியானம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் பேச்சை எடுத்தேன்.

"மாமா, எனக்குப் பத்து நாள் குடுங்க. பின்பக்கம் தரைக்கு மேலேயே ஒரு தொட்டி வெச்சிடுறேன். இரும்புச் சட்டம், உள்ளே ஷீட், பக்கத்துல ஹீட்டர், மேல தகரம். ரெண்டு பக்கமும் பிடிச்சு ஏறுற மாதிரி மரப்படி. பாக்க அசிங்கமாத்தான் இருக்கும். ஆனா அக்கா பதினோராவது நாள் தண்ணிக்குள்ள நிக்கலாம்."

"குளிர்ல?" என்றார் மாமா. "காத்து அடிக்கும்போது ஈரத்தோட வெளியே வருவா. ஒரு தடவை நடுங்கிட்டா மறுநாள் இறங்க மனசு வராது. அப்புறம் ரெண்டு நாள் போகும். அப்புறம் விட்டே போயிடும். எத்தனை வீட்ல பாத்திருக்கோம்? இது பொழுதுபோக்குக் குளம் இல்ல மாப்ள, அவ கால். இதுல நான் கணக்குத் தப்பக்கூடாது. ஒரு வருஷம் முழுசாப் பாத்துட்டுத் தோண்டுறேன். பதறாத காரியம் சிதறாது."

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றேன் நான்.

"ரெண்டு பேரும் பழமொழிப் போட்டி வெச்சுக்கிட்டா என் முட்டி சரியாயிடுமா? சாப்பிடுங்க முதல்ல" என்றாள் அக்கா.

வாசல்வரை என்னோடு வந்தாள். அப்போது நன்றாகவே நடந்தாள், சுவரைத் தொட்டுக்கொண்டு. "விடுடா தம்பி. இத்தனை வருஷத்துல ஒரு வேலையைக்கூட அவர் இஷ்டப்படி செய்ய யாரும் விட்டதில்ல. இதையாவது செய்யட்டும். நான் எங்க ஓடிடப் போறேன்?"

அன்று நான் கத்தியிருக்க வேண்டும். அவர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து இரும்பைக் கொண்டுவந்து இறக்கியிருக்க வேண்டும். செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், அக்கா அப்படிச் சொன்னது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. கையில் அப்போது வேறு மூன்று வீட்டு வேலை இருந்தது. அவரை மட்டும் திட்டுவது சுலபம், திட்டியுமிருக்கிறேன். ஆனால் அந்த வருஷத்தில் எனக்கும் பங்கு இருக்கிறது.

அது குளிர் முடிந்து வெயில் தலைகாட்டுகிற சமயம். மாமா முற்றத்தில் நடக்கிற ஓர் எட்டுக்கு ஒன்றாக வரிசை வரிசையாக முப்பத்தாறு குச்சி நட்டார். ஒவ்வொன்றின் தலையிலும் காற்றுக்கு ஒரு துணி நாடா. மணிக்கு ஒரு தரம் நிழல் எதுவரை வருகிறது என்று சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். மரத்தடியில் ஒரு வேட்டியை விரித்து, நாளைக்கு எத்தனை இலை விழுகிறது என்று எண்ணினார். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன சார், கோழிப்பண்ணை வைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

மாமா பகலில் வேலைக்குப் போகவேண்டுமே, மணிக்கணக்காக யார் பார்ப்பது? மூன்றாம் மாதம் நிற்க முடியாமல் அக்கா மருந்துக்கடை வேலையை விட்டாள். நிழல் பார்த்து எழுதுகிற வேலை அவள் தலையில் விழுந்தது. படுக்கையறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நோட்டில் எழுதுவாள். எத்தனை மணி, எந்த வரிசை வரை நிழல், நாடா எந்தப் பக்கம் பறக்கிறது. "டாக்டருங்க கோழிக் கிறுக்கலையே படிச்சவ நான். வெயிலு எழுதுறதைப் படிக்க மாட்டேனா?" என்றாள். தன் மருந்தைத் தானே அரைக்கிறவள் போல உட்கார்ந்திருந்தாள்.

அந்த மனுஷன் சந்தோஷமாக இருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஐந்தாம் மாதம் ஒரு நாள் போன் செய்தார். "மாப்ள, காத்துக்கு முழுச் சுவர் வைக்கக்கூடாது! முழுச் சுவர் வெச்சா காத்து மேல ஏறிக் குதிச்சு இந்தப் பக்கம் சுழலுது. பலகையை நட்டு வெச்சு நாடாவைப் பாத்தேன். இடைவெளி விட்டு அடுக்கின கல்லு வெச்சா அங்கேயே செத்துப்போயிடுது!" எனக்குக் கோபமும் வந்தது, ஆசையாகவும் இருந்தது. அவர் சொன்னது சரி. நாங்கள் கட்டிய எத்தனையோ குளத்தில் முழுச் சுவர்தான் வைத்திருந்தோம்.

அதே ஐந்தாம் மாதம் அக்கா கைத்தடி பிடித்தாள். ஏழாம் மாதம் கழிப்பறைக்குப் போய்வர ஒரு கை தேவைப்பட்டது. வலி தாங்காமல் முட்டியை மடக்கியே படுத்தாள். முட்டிக்கடியில் தலையணை வைத்தால் இதமாக இருக்கிறது என்று மாமாதான் தினமும் வைத்தார். இடையில் சில நாள் சாண் ஏறினாள், மறுவாரமே முழம் சறுக்கினாள். நான் போகும்போதெல்லாம் கேட்பேன், "எப்ப மாமா தோண்டுறது?" என்று. "இன்னும் குளிர்காலம் பாக்கலையே" என்பார்.

ஒன்பதாம் மாதம், பைப் போகிற வழியைப் பார்ப்பதற்காக அந்த நோட்டை வாங்கிப் புரட்டினேன். முதல் பக்கங்களில் அக்காவின் குண்டு குண்டான எழுத்து, மருந்துச் சீசா லேபிளில் எழுதுவதுபோல ஒரே அளவு. நாலாம் மாதத்தில் வரியை விட்டு இறங்க ஆரம்பித்திருந்தது. ஆறில் எண்கள் மட்டும். எட்டில் ஒவ்வொரு எண்ணும் உடைந்து, ஏழா ஒன்றா என்று தெரியாமல். கடைசி மூன்று பக்கம் மாமாவின் கையெழுத்து.

நோட்டை அவர் முன்னால் விரித்துப் போட்டேன். "பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஆமா, கச்சிதமா வந்திருக்கு. மூணாவது வரிசைக்கு அந்தப் பக்கம் பத்து மணிக்கு மேல நிழலே இல்ல."

"நிழல் கெடக்கட்டும் மாமா. எழுத்தைப் பாருங்க."

அவர் முதல் பக்கத்துக்குப் போனார். ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் கடைசிவரை வந்தார். முகம் வெளுத்துவிட்டது. நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. "அடுத்த வாரம் தோண்டிடலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆளுக்குச் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் ஆளோடு போய் நின்றால், அவர் குச்சிகளுக்கு நடுவில் கைகட்டி நிற்கிறார். "இல்ல மாப்ள. குளிர் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. இதுக்காகத்தானே இத்தனை மாசம்? இதைப் பாக்காமத் தோண்டினா அவ கஷ்டப்பட்டு எழுதினது அத்தனையும் வீண். மூணே மாசம்."

பல்டாக்டர் வீட்டுக் குளம் அவர் தொண்டையில் முள்ளாக நின்றது, அது எனக்குப் புரிகிறது. இத்தனை நாள் அவள் பட்ட கஷ்டமே அவரை இன்னும் காத்திருக்க வைத்தது என்பதும் புரிகிறது. புரிந்து என்ன பிரயோஜனம்? வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணப் போறீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அதனாலும் அக்காவுக்கு ஒரு நல்லதும் நடந்துவிடவில்லை.

குளிர் முடிந்த மறுநாளே தோண்டினார். ஏழு வாரத்தில் முடித்தோம். நான் பார்த்ததிலேயே நேர்த்தியான வேலை அது. படுக்கையறைக் கதவிலிருந்து தண்ணீர்வரை ஒரு விரல் மேடுகூடக் கிடையாது. படிகள் வழக்கமான படியில் பாதி உயரத்துக்கு, பாதம் முழுசாக வைக்கிற அகலத்துக்கு. இரண்டு பக்கமும் கைப்பிடி, வீங்கிய விரல் பிடிக்கிற பருமனில். வழுக்காத தரை. இடைவெளி விட்டு அடுக்கிய கல் சுவர். மேலே வெயிலை உள்ளே விட்டுக் காற்றைத் தடுக்கிற கண்ணாடி மாதிரியான கூரை. சூடு போகாமல் தண்ணீரை மூட ஒரு மூடி, ஒற்றைக் கையால் சுருட்டலாம். இலை கொட்டுகிற மரத்தை எடுத்துவிட்டு, கொட்டாத செடிகளை வைத்திருந்தார். என் பம்ப் ஓடுவது எனக்கே கேட்கவில்லை.

முதல் நாள் பிசியோதெரபி செய்கிற பெண்ணை வரவழைத்தோம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அன்றைக்கு எந்தக் குட்டையிலும் இறங்கலாம், எந்தத் தகரத் தொட்டியிலும் இறங்கலாம். அக்காவை வீல்சேரில் தள்ளிக்கொண்டு வந்தோம். படியின் தலைமாட்டில் வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அத்தனையும் நடக்கிற ஒருத்திக்காகப் போட்ட படி. அக்காவின் முட்டி இரண்டும் நாற்காலியின் அளவுக்கு மடங்கி நின்றுவிட்டிருந்தன.

மாமா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூக்கி இறக்கினோம். தண்ணீருக்குள்ளும் அவள் உட்கார்ந்த மாதிரியே இருந்தாள். அந்தப் பெண் கணுக்காலைப் பிடித்து மெல்ல, மிக மெல்ல இழுத்தாள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அந்தப் பெண் கையை எடுத்தாள்.

"இறுகிடுச்சு சார். முட்டி, இடுப்பு ரெண்டுமே. முட்டிக்கடியில தலையணை வெச்சிருந்தீங்களா? வெச்சிருக்கக்கூடாது. ஒரு எட்டு ஒன்பது மாசத்துக்கு முன்னாடின்னா தண்ணி உதவியிருக்கும். இனிமே இழுத்தா வலிதான் மிச்சம்."

மாமா அக்காவைத் தாங்கியபடியே நின்றார். அக்காதான் பேசினாள்.

"தண்ணி நல்லா இருக்குங்க. நல்லா கட்டியிருக்கீங்க. போதும், என்னைத் தூக்கிடுங்க."

அதன் பிறகு அவள் அதில் இறங்கவில்லை. வீல்சேரிலும் உட்காருவது குறைந்து, கட்டிலோடு ஆனாள். கட்டில் ஜன்னலைப் பார்த்துப் போட்டிருந்தது. குளம் கட்ட ஆள் தேடுகிறவர்கள் கேள்விப்பட்டு வந்து பார்த்தார்கள். சுற்றி வந்து, படியைத் தடவி, "இதே மாதிரி எங்களுக்கும் போட்டுக் குடுங்க" என்றார்கள். ஒரு அம்மா, "வீட்ல யாரு சார் நீந்துறது?" என்று கேட்டாள். மாமா பம்ப்பைப் பார்க்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார்.

குளிர் வந்தது. கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. பத்து மணிக்கு நிழல் விலகியது, மூன்று மணிவரை தண்ணீர் மேல் வெயில் நின்றது. ஊரெல்லாம் காற்று அடித்த நாளிலும் குளத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை. ஓர் இலை மிதக்கவில்லை. மாமா தினமும் பத்து மணிக்குப் போய் மூடியைச் சுருட்டுவார். தெர்மாமீட்டரை விட்டுப் பார்ப்பார். அரைமணி நேரம் ஓரத்தில் நிற்பார். பிறகு மூடிவிட்டு வேலைக்குப் போவார்.

ஒரு நாள் காலையில் நான் பில்டரைக் கழுவ வந்திருந்தேன். அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, கட்டிலைத் திருப்பிப் போடு. தலை ஜன்னல் பக்கம் வரட்டும்."

"ஏன்க்கா?"

"தினமும் மூடியைச் சுருட்டிட்டு இந்த ஜன்னலைப் பாக்குறார்டா. நான் சிரிக்கணும். எவ்வளவு நாளைக்கு நான் சிரிக்கிறது?" மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "ஏன்னு கேட்டார்னா, காலை வெயில் கண்ணு கூசுதுன்னு சொல்லிடு."

திருப்பிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் மாமா தெர்மாமீட்டரோடு உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு மாப்ள திருப்பினே?"

"காலை வெயில் கண்ணு கூசுதாம் மாமா."

சொன்ன பிறகுதான் என் மடத்தனம் எனக்குத் தெரிந்தது. அந்த ஜன்னல் மேற்கே பார்த்தது. அதில் காலையில் ஏது வெயில்? எந்த மாதம் எத்தனை மணிக்கு எந்தச் சுவரில் வெயில் விழும் என்று ஒரு வருஷம் முழுக்க அளந்த மனுஷன் முன்னால் நின்றுகொண்டு இதைச் சொல்கிறேன்.

மாமா ஜன்னலைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ஆமா," என்றார். "கூசும்."

அவரே போய்த் திரையை இழுத்து மூடினார்.